பன்னிரண்டு குதிரைகளும் ஓர் அங்குலமும்

ஹெட்லி ஸ்கிரிம்ஷாவின் வலது கால் ஓய்ந்திருந்து பார்த்தவர்கள் குறைவு. முப்பத்து நான்கு வருடம் நாட்டிங்ஹாம் தெருக்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எந்த நொடியில் எந்தச் சுவரில் போய் மோதுவானோ என்று, தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே காலை வைத்துப் பழகிவிட்டார். வேலையை விட்டு மூன்று வருடமாகியும் கால் விடவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் மிதிக்கும். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது மிதிக்கும். டிராமில் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் காலை இழுத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஓர் அங்குல உயர ஈயச் சிப்பாய்களுக்குக் கண்ணும் மீசையும் வரைந்தார் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் வரைந்தார், அதுவும் பிரமாதமாக. தூரிகை கைக்கு வந்ததும் கால் தானாக அடங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து, தூசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அவர் வாழ்க்கையில் நிம்மதி என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் இருந்தது. பத்து வருடமாக அதுவும் போயிற்று.

காரணம் ஓர் அங்குலம்.

பீஸ்டன் சர்ச் கூடத்தில் வியாழக்கிழமை மாலைகளில் கூடி, பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் பகடை உருட்டிச் சண்டை விளையாடுகிற போர்மேசைக் கிளப்பில் ஹெட்லிக்கு ஒரு ஜோடி உண்டு. நெவில் ராக். பூச்சு வேலைக்காரர். அவர் பூசிய சுவரில் எந்த மூலையிலும் நூல் பிசகாது, அவர் பேச்சும் அப்படித்தான் என்று கிளப்பில் சொல்வார்கள். மலை, ஆறு, வேலி, இடிந்த கோபுரம் எல்லாம் நெவில் கைவேலை. பத்து வருடத்துக்கு முன்னால் இருவரும் பழைய ஆங்கில உள்நாட்டுப் போரை வைத்து ஒரு போர்த்தொடர் நடத்தினார்கள். மன்னர் படைக்கு ஹெட்லி, நாடாளுமன்றப் படைக்கு நெவில். ஒரு வருடம் முழுக்க அடித்துக்கொண்டு, கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள்.

அன்றைக்கு எல்லாம் ஒரு மலையில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் மலைகள் தனித்தனி. தெர்மாகோலை வெட்டி, பூச்சு பூசி, நைலான் புல்லை ஒட்டி, பச்சைத் துணி விரித்த மேசைமேல் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்தால் மலை பெட்டிக்குள் போய்விடும். அந்த மலைமேல் நெவிலின் பீரங்கிகள். எதிரே ஹெட்லியின் பன்னிரண்டு குதிரை வீரர்கள். குதிரைகள் ஒரே பாய்ச்சலில் பதினெட்டு அங்குலம் போகலாம், அதற்குமேல் மயிரிழைகூடக் கூடாது. ஹெட்லி தன் முறை முடிந்ததும், அடுத்த முறை பாய முடியுமா என்று குதிரைகளிலிருந்து பீரங்கி வரை டேப்பை நீட்டிப் பார்த்தார். சரியாகப் பதினெட்டு. சந்தோஷத்தில் அவருக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. போய்விட்டு வருவதற்குள் நெவில் தன் காலாட்படையை நகர்த்தி முடித்து, டீ எடுத்துவரச் சமையலறைக்குப் போனார். ஹெட்லி ஆசைக்கு இன்னொரு முறை அளந்தார். பத்தொன்பது.

முதலில் டேப்பைச் சாய்த்துப் பிடித்துத் தொலைத்திருப்போம், அவசரக்குடுக்கை என்று மனைவி பெரில் திட்டுவது சரிதான் என்று நினைத்துக்கொண்டார். பிறகு சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு குதிரைகளையும் ஒவ்வொன்றாக, ஓர் அங்குலம் முன்னால் தள்ளி வைத்தார்.

நெவில் டீயோடு வந்தார். குதிரைகள் பாய்ந்தன, பீரங்கிகள் விழுந்தன, தொடர் முடிந்தது. கிளப்பின் தகரக் கோப்பையில் ஹெட்லியின் பெயரைச் செதுக்கிக் கொடுத்தார்கள். நெவில் கைகுலுக்கினார். அதற்கப்புறம் பகடையைத் தொடவேயில்லை.

ஹெட்லியை அரித்தது அதுதான். வாராவாரம் நெவில் வருவார், மேசையைப் போடுவார், ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். "ஒரு ஆட்டம் போடேன்டா" என்றால், "மலை செய்யவே நேரம் சரியா இருக்கு" என்பார். அந்த வருடத்திலிருந்து அவர் மலைகளும் மாறிவிட்டன. பலகையிலேயே மலையைப் பசை போட்டு ஒட்டி, விளிம்பு தெரியாமல் பூசி, மேசைக்குள்ளிருந்தே முளைத்ததுபோல் செய்ய ஆரம்பித்தார். தூக்கிச் செல்ல இரண்டு ஆள் வேண்டும், எல்லோரும் முனகினார்கள், ஆனாலும் அழகுக்கு மயங்கினார்கள். தன்னால் தோற்ற மனிதர் விளையாட்டையே விட்டுவிட்டு வேலையில் மூழ்கிவிட்டார் என்று ஹெட்லி மட்டும் நினைத்துக்கொண்டார்.

அவருடைய பங்குக்கு அவர் அந்தக் குதிரைகளைப் போட்டு வதைத்தார். பார்க்கவே பிடிக்கவில்லை; தூக்கி எறியவும் முடியவில்லை. சிவப்பு மேலங்கியை நீலமாக்கினார். நீலத்தைப் பழுப்பாக்கினார். வெள்ளைக் குதிரையைக் கறுப்பாக்கினார். வருடத்துக்கொரு முறை புதுப் பெயின்ட். பெயின்டின் மேல் பெயின்ட் ஏறி, வீரர்களின் முகமெல்லாம் அம்மைக்கட்டு வந்ததுபோல் வீங்கி, மூக்கெது வாயெது என்று தெரியாமல் போயிற்று. புதிதாகப் பெயின்ட் அடித்த படை முதல் சண்டையில் ஓடியே தீரும் என்பது போர்மேசைக்காரர்களின் நம்பிக்கை. வருடாவருடம் புதுசாகிக்கொண்டிருந்ததால் ஹெட்லியின் குதிரைகள் வருடாவருடம் ஓடின. கிளப்பே சிரித்தது. நெவில் மட்டும் சிரிக்கவில்லை, அது ஹெட்லிக்கு இன்னும் குத்தியது.

இந்த நிலையில்தான் டாம்சின் வாயைத் திறந்தாள். பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கிற பெண், கிளப்பின் புதுச் செயலாளர். "வருஷக் காட்சிக்கு அந்தப் பழைய சண்டையையே திரும்பப் போடுவோம். பத்தாவது வருஷம். நெவில் புதுப் பலகை செய்றேன்னுட்டாரு. ஹெட்லி, அதே குதிரைகள்தான், சரியா? கோப்பையையும் கொண்டு வாங்க."

ஹெட்லி மென்று விழுங்கித் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தவர் குதிரைகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, கிருமிநாசினியை ஊற்றி ஊறவைத்தார். பத்து வருடப் பெயின்டும் கூழாகக் கழன்றது. பழைய பல் துலக்கியால் தேய்த்துத் தேய்த்து, அடியில் இருந்த ஈயத்தைப் பார்த்துவிட்டார். மூக்கு வந்தது, மீசை வந்தது. ஆனால் கறுப்பு அடிப்பூச்சைத் தொட்ட தூரிகை குதிரைமேல் படவேயில்லை. கால் அடங்கவில்லை. எழுந்தார், நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை இதே கூத்து. தட்டில் புதினா சாஸ் ஊற்றிய பட்டாணி ஆறிக்கொண்டிருந்தது.

பெரில் கரண்டியை வைத்தாள். "வாத்தே, ஒண்ணு சாப்பிடு, இல்ல தரையை மிதிக்கிறதையாவது நிறுத்து. கீழ இருக்கிற எலியெல்லாம் வீடு மாத்திக்கிட்டுப் போயிடும்." எங்கள் நாட்டிங்ஹாம் பக்கத்தில் புருஷன், பிள்ளை, பஸ் டிரைவர், தபால்காரர் எல்லோருமே வாத்துதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"நாளைக்குக் காட்சி" என்றார் ஹெட்லி.

"அது தெரியும். பத்து வருஷமா என்னன்னு கேக்கிறேன், நீயும் ஒண்ணுமில்லன்னு பூசி மெழுகுற. அந்தக் கோப்பையை ஏன் சுவத்தைப் பாத்துத் திருப்பி வெச்சிருக்க? தூசி துடைக்கிறது நான்தானே, எனக்குத் தெரியாதா?"

அவர் சொல்லிவிட்டார். ஓர் அங்குலத்தையும் சொன்னார், சமையலறைக் கதவையும் சொன்னார்.

பெரில் பட்டாணித் தட்டை ஓரமாகத் தள்ளினாள். "இதுக்கா? நான் என்னமோ பொம்பளை விவகாரம்னு நெனச்சிட்டேன்." பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தாள். "அவன்கிட்ட சொல்லு. இல்ல, குதிரையெல்லாம் ட்ரென்ட் ஆத்துல கொட்டிட்டு வா. ரெண்டுல ஒண்ணு. என்னால இந்தக் காலோட ஒரே கட்டில்ல இனிமே படுக்க முடியாது."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் போய் நின்றார். கையில் கோப்பை, அட்டைப் பெட்டியில் பன்னிரண்டு குதிரைகள், பெயின்ட் ஒரு பொட்டுகூட இல்லாமல். டாம்சின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"என்ன ஹெட்லி இது? பெயின்ட் அடிக்காத ஒரு பொம்மையும் மேசைல ஏறக்கூடாதுன்னு நோட்டீஸ் எழுதி ஒட்டினதே நீங்கதான்! பத்து மணிக்கு ஜனம் வருது!"

"தெரியும்மா. ஒரு நிமிஷம்."

கூடத்தின் நடுவில் பலகை கிடந்தது. அதே போர்க்களம், ஆனால் உயிரோடு. ஆறு ஈரமாக மின்னியது. நெவில் முழங்காலிட்டு, ஒட்டிய மலையின் அடிவாரத்தில் வெள்ளைப் பசை தடவி, டீ வடிகட்டியிலிருந்து புல்லைத் தூவிக்கொண்டிருந்தார். ஹெட்லி பக்கத்தில் போய் நின்றார். வரும் வழியெல்லாம் பக்குவமாக ஆரம்பிக்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தவர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"நெவில், அன்னிக்கு நான் திருடினேன். குதிரைக்கு ஒரு அங்குலம் எட்டல. நீ டீ எடுக்கப் போனப்போ தள்ளி வெச்சுட்டேன். பன்னிரண்டையும். இந்தா, கோப்பை உன்னுது."

வடிகட்டி அப்படியே நின்றது. நெவில் தலையைத் தூக்கவில்லை.

"எட்டலையா? எப்போ அளந்த?"

"ரெண்டு தடவை அளந்தேன். ஒன்னுக்குப் போறதுக்கு முன்னாடி பதினெட்டு வந்துச்சு. டேப்பைக் கோணலாப் பிடிச்சிருப்பேன். அப்புறம் பாத்தா பத்தொன்பது."

நெவிலின் கழுத்து மெல்லச் சிவந்தது. அந்தச் சிவப்பு காது வரைக்கும் ஏறியது.

"நீ கோணலாப் பிடிக்கல" என்றார். "நீ ஒன்னுக்குப் போனப்போ நான் மலையை நகத்திட்டேன்."

ஹெட்லிக்கு முதலில் புரியவில்லை.

"பீரங்கியோட சேத்து, பின்னால. ஒரு அங்குலம். வருஷம் பூராவும் என்னை அடிச்சுக்கிட்டே இருந்த. ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்னு இருந்துச்சு. நகத்தியும் தோத்தேன். சரிதான், கடவுள் பாத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். அப்புறம் பகடையைத் தொட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" அவர் உள்ளங்கை மலையின் அடிவாரத்தைத் தடவியது. "அதனாலதான் எல்லாத்தையும் ஒட்டிட்டேன். நகராதபடிக்கு."

ஹெட்லிக்குக் கோபம்தான் வந்தது. சரியான கோபம். பத்து வருடத் தூக்கம், பத்து வருடப் பெயின்ட், பெரிலிடம் வாங்கிய அத்தனை திட்டு!

"அடப்பாவி! அந்த அங்குலம் என்னோடதுடா! நியாயமா என்னோடது! நான் எடுத்ததே என் பொருளை! பத்து வருஷமா நான் எதுக்கு..." கூடத்தை ஒரு சுற்று சுற்றினார். நாற்காலியில் இடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்று பாதியில் நின்றுபோயிற்று. திரும்பி வந்து நெவிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஆனா தள்ளி வெக்கிறப்போ எனக்கு அது தெரியாதே."

"தெரியாது."

"அப்போ நானும் திருடன்தான்."

"ஆமா. நானும்தான்." நெவில் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கோப்பையை நடுவுல வை. குதிரையை எடு."

"பெயின்ட் இல்லையேடா."

"நல்லதுதான். புதுசா பெயின்ட் அடிச்சாத்தானே ஓடும்."

ஹெட்லி ஒட்டிய நோட்டீஸை டாம்சினே கிழித்துப் போட்டாள். பத்து மணிக்கு ஜனம் வந்தது. தேனீப் பண்ணையில் வேலை பார்க்கிற ஒருவரும் அவருடைய மகள்களும்கூட நின்று பார்த்தார்கள். நெவில் பத்து வருடத்துக்கப்புறம் பகடையை உருட்டினார், ஒன்று விழுந்தது. வெறும் ஈயத்தில் பளபளத்த பன்னிரண்டு குதிரைகள், அன்றைக்குப் போலவே, மலைக்கு எதிரே வந்து நின்றன.

அப்போது சமையலறையிலிருந்து டாம்சின் குரல் கொடுத்தாள். "டீ ரெடி! ஆறுறதுக்குள்ள வந்து எடுத்துக்கோங்க!"

இருவரும் அசையவில்லை.

"நீ போ" என்றார் நெவில்.

"நீ போயேன்."

"என் முறைடா இது, நான் எப்படிப் போவேன்?"

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டீ ஆறியது. டாம்சின் இரண்டாம் முறை கத்தினாள். ஹெட்லி குதிரைகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மலை ஒட்டியிருந்தது, ஆனால் குதிரைகள் ஒட்டியிருக்கவில்லை. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்கு நடந்தார். அங்கே வேண்டுமென்றே நேரம் கடத்தினார். நெவிலுக்கு இரண்டு சர்க்கரை போட்டு, கலக்கினதையே திரும்பக் கலக்கினார்.

இரண்டு கோப்பை டீயோடு வந்தபோது நெவில் மேசையிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"நீங்க போனதுலேர்ந்து இப்படியே நிக்கிறாரு" என்றாள் தேனீக்காரரின் சின்ன மகள். "கையை எறக்கச் சொன்னா மாட்டேங்கிறாரு."

ஹெட்லிக்குக் கண் கலங்கிவிட்டது. டீயை வைத்தார். நெவில் தன் முறையை எதையும் நகர்த்தாமலே விட்டிருந்தார், இனி ஹெட்லியின் முறை. பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார், விரிக்காமல் நெவிலிடம் நீட்டினார்.

"நீயே அள."

நெவில் கையை இறக்கி, டேப்பை வாங்கி, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். ஹெட்லி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. டீயை ஒரு வாய் குடித்தார்.

"பதினெட்டரை" என்றார் நெவில். "எட்டாதுடா."

"சரி" என்றார் ஹெட்லி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைக்கடியில் அவர் வலது கால் எதையும் மிதிக்காமல் நீட்டினபடி கிடந்தது.