எகிப்தியனுக்கு ஒரு துளி

இரண்டு பாண், உடைக்காத மாப் பை, அரைப் பெட்டி விசுக்கோத்து, ஒரு போத்தல் விஸ்கி. இவ்வளவையும் அட்டைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு ரூத் என் கதவடியில் நின்றாள். மெல்பேர்ணில் இந்தத் தொடர்மாடிக்கு நான் குடிவந்த முதல் ஏப்ரல் அது. "எடுத்துக்கொள், இதெல்லாம் எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இங்கே ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளைக்காரருக்குச் சமமாக நின்று வேலை செய்கிறேன். எனக்கு மிச்சப் பாணா? "எனக்குச் சம்பளம் வருகிறது" என்றேன். ரூத் திகைத்துப்போனாள். "எனக்கும் வருகிறது. பாஸ்காப் பண்டிகை தொடங்கமுன் புளித்த மாவு, தானியமெல்லாம் வீட்டைவிட்டுப் போக வேண்டும். நாங்கள் யூதர். நீ வாங்கினால் எனக்குத்தான் உதவி." வாங்கி வைத்தேன். பண்டிகை முடிந்ததும் விஸ்கியை மட்டும் வெட்கமில்லாமல் திருப்பிக் கேட்டாள் என்பது வேறு கதை.

அந்த ஞாயிறு மல்கிரேவில், யாழ்ப்பாணத்துக் கணக்காளர் ஒருவர் வீட்டில் நம்மவர்களுக்கு விருந்து. வீடு வாடகைக்கு என்று பத்திரிகையில் போட்டவன் இவர் முகத்தைக் கண்டதும் கொடுத்தாயிற்று என்றானாம். ஊரில் நம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாசலைச் சாத்துகிறார்களாம். இரண்டும் உண்மைதான். "மனிசரை மனிசராய் மதிக்கத் தெரியாத சனம், தங்கச்சி" என்று அங்கிள் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு அடங்கமுன் அவர் மனைவி அன்ரி என்னிடம் கேட்டா: "பிள்ளை, ஊரில எவடம்? கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?" ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. "மேற்கை, அன்ரி. கிணறு இல்லாத பக்கம்" என்றேன். எல்லாருக்கும் பீங்கான் கோப்பையில் வந்த தேத்தண்ணி எனக்குக் காகிதக் கோப்பையில் வந்தது. விமானத்தில் இவ்வளவு தூரம் வந்தும், ஊரில் எங்களுக்குத் தந்த சிரட்டையைக் காகிதமாக்கியதுதான் இவர்கள் கண்ட முன்னேற்றம்.

அத்தோடு விடவில்லை. "எங்கட அண்ணற்ற மகள் திலகம் வாறாள். உம்மட ஆஸ்பத்திரியிலதான் தாதி வேலை. இங்கயிருந்து தூரம். உம்மட்டை ஒரு அறை சும்மாதானே கிடக்குது?" என்றா. என் வாய் பட்ட கோப்பையைக் கழுவ மனமில்லாதவர்களுக்கு என் அறை மட்டும் தீட்டில்லை. யோசிச்சுச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

திலகத்தை எனக்குத் தெரியும். ஒரே வகுப்பு. பள்ளிக்கூடக் கிணற்றில் மேற்குப் பக்கப் பிள்ளைகள் நாங்கள் வாளியைத் தொடக் கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை கையைக் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும். விளையாட்டை விட்டுவிட்டு வந்து எனக்கு ஊற்றுகிறவள் திலகம். அதற்காக வீட்டில் அடியும் வாங்கினாள். அடித்தது அவள் தகப்பன். தங்கள் கிணற்றுக் கட்டில் வைத்தாள் என்று என் அம்மாவின் மண்குடத்தை உதைத்து உடைத்தவரும் அவரே. அந்த வீட்டுப் பெண்ணுக்கு நான் கதவைத் திறப்பதா?

மறுநாள் மாலை ரூத் வீட்டில் பாஸ்கா விருந்து. அவள் கணவர் லியோன் போலந்தில் ஜெர்மன்காரரிடம் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவர். தங்கள் முன்னோர் எகிப்தில் அடிமையாய் இருந்து மீண்ட கதையை வாசித்தார். அவர்களை விடுவிக்கக் கடவுள் எகிப்தியர்மேல் இறக்கிய பத்து வாதைகளின் பெயர், இரத்தம் முதல் தலைப்பிள்ளைகளின் சாவு வரை, ஒவ்வொன்றாக வர, எல்லோரும் வைன் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துத் தட்டில் ஒரு துளி விட்டார்கள். நானும் தோய்த்து, ருசி பார்ப்பதாக்கும் என்று விரலை நக்கிவிட்டேன். மேசையே சிரித்தது. "அது எகிப்தியனுடைய பங்கு. அவன் செத்ததில் எங்கள் கிண்ணம் நிறையக் கூடாது" என்றாள் ரூத்.

சிரித்தது எனக்குச் சுட்டது. "தலைப்பிள்ளைகளை உங்கள் கடவுள் கொன்றாரே, தொட்டில் பிள்ளை யாரைச் சாட்டையால் அடித்தது? அதற்கு ஒரு துளி போதுமா?" என்றேன்.

"போதாது" என்றார் லியோன். "எங்கள் வேதத்தில் இதைவிட மோசமான இடமும் இருக்கிறது, ஒரு குலத்தைக் கைக்குழந்தையோடு அழிக்கச் சொல்கிற இடம். அதையும் சத்தமாகத்தான் வாசிக்கிறோம். எகிப்தியனை வெறுக்காதே, அவன் நாட்டில் அந்நியனாய் இருந்தாய் என்பதும் அதே வேதத்தில்தான்."

"அடித்தவனையா?"

"பஞ்சத்தில் எங்களுக்கு முதலில் சோறு போட்டவனும் அவன்தானே."

"இவரை நம்பாதே" என்றாள் ரூத். "ஜெர்மன் ரேடியோவைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார்."

"அவர்களுக்கும் மூவாயிரம் வருஷம் போகட்டும்" என்றார் லியோன்.

இவர்கள் ஒன்றும் மகான்கள் இல்லை. ஆனால் தங்கள் வேதத்தின் கறையைத் தங்கள் மேசையில் வைத்தே சண்டை பிடிக்கிறார்கள். நம்மவரோ தாங்கள் பட்ட அடியை மட்டும் ஒப்பிப்பார்கள். கொடுத்த அடியைப் பற்றிக் கேட்டால் பாயசம் பரிமாறுவார்கள்.

திலகத்தை அழைத்து வரச் சொல்லி அன்ரிக்குத் தகவல் அனுப்பினேன். பெட்டியோடு கொண்டுவந்து விட்ட அன்ரி, வாசலிலேயே தொடங்கினா: "பழசெல்லாம் மறந்திடுவம், பிள்ளை."

"நான் மறக்கமாட்டன், அன்ரி. அறை வலப்பக்கம்" என்றேன்.

அன்ரி போனபின் திலகம் குசினிக்குள் வந்தாள். "தண்ணி தாடி" என்றாள், நேற்றும் கேட்டவள்போல. குழாயைத் திறந்து ஒரு கிளாஸை நிரப்பினேன். விரலைத் தோய்த்து ஒரு துளியைத் தொட்டியில் விட்டேன். "இது அம்மாவின்ர குடத்துக்கு. இந்த வீட்டில இருந்தால் அந்தக் கதையைக் கேக்கவேண்டி வரும்."

என் விரல் பட்ட தண்ணீரை அவள் வாங்கினாள். தன் விரலையும் தோய்த்து இன்னொரு துளி விட்டாள். "ஒண்டில்லை. அடுத்த கிழமை உன்ர அம்மா வேற குடத்தோட வந்தவ. அப்பா அதையும் உடைச்சவர். கொம்மா உனக்குச் சொல்லேல்லைப் போல" என்றாள். பிறகு மடமடவென்று குடித்தாள்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மூடப்போன என் கை, அலுமாரி நிறையக் கிளாஸ் இருக்க, தானாகவே குவிந்து நீரை ஏந்தி நின்றது.