கன்று சுமந்தவனும் ஆடு சுமந்தவனும்

அருங்காட்சியகத்தில் அவளுக்குக் காவல் வேலை. ஆதிக் கிறிஸ்தவச் சிற்பங்கள் இருந்த சின்னக் கூடத்தில் அவளுடைய நாற்காலி. கணவனுக்கும் அங்கேதான் வேலை, சிலைகளை இடம் மாற்றுவது. சங்கிலியும் கப்பியும் இருந்தாலும் கடைசியில் யாராவது தோள் கொடுக்க வேண்டும். அந்தத் தோள் அவனுடையது. பயில்வான் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

அவனுக்குப் பிடித்தவை பக்கத்துக் கூடத்துக் கிரேக்கச் சிலைகள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவளை வம்புக்கு இழுப்பான்.

“என் ஆளைப் பாரு. ஒரு கால ஊணி, ஒரு கால தளர்த்தி, எவ்வளவு தோரணையா நிக்கிறான்! உன் ஆளுங்க? கட்டைக் காலு, பானைத் தலை.”

“உங்க ஆளுக்குக் கண்ணு வெறும் வழவழன்னு கிடக்கு. என் ஆளுங்களுக்குக் கருவிழியில துளைபோட்டு வச்சிருக்கான். எங்க போனாலும் அந்தப் பார்வை விடாது.”

“அதுவா? கண்ணுல பூசின சாயம் போயிருச்சு, அவ்வளவுதான்.”

அந்த வருடம் இரண்டு கூடத்துச் சிலைகளையும் எதிரெதிரே நிறுத்திக் கண்காட்சி வைப்பதென்று முடிவானது. ஒன்று, கன்றைத் தோளில் போட்டிருக்கும் கிரேக்க இளைஞன். மற்றது, பல நூறு வருடங்கள் கழித்து அதே சாயலில் செதுக்கப்பட்ட, ஆடு சுமக்கும் மேய்ப்பன். கன்றின் கனம் இளைஞனின் மார்பில் தெரிந்தது. ஆட்டுக்குக் கனமே இல்லை. மேய்ப்பன் வேறு எங்கோ பார்த்தான்.

அதே நாட்களில்தான் கணவன் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கத் தொடங்கினான். இடுப்புவாரில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தான். கேட்டால், “தொப்பை குறையட்டும்னுதான்” என்று சிரித்தான். அவனுக்குத் தொப்பை இருந்ததே இல்லை. கூடவே வேலை செய்யும் அவள் தம்பி ஒருநாள் ரகசியமாக வந்து நின்றான்.

“அக்கா, மாமா படியேறும்போது நின்னு நின்னு ஏறுறாரு. நான் சொன்னேன்னு சொல்லிராத.”

அன்றிரவு அவள் பேச்செடுத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மேய்ப்பனை மேடையேற்றிய அன்று அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலி மெல்ல இறங்கியது. அடிப்பக்கம் தோள் கொடுத்திருந்த கணவனுக்கு முழங்கால் மடங்கியது. சிலை சரிந்தது. தம்பி பாய்ந்து முட்டுக்கொடுத்தான்; நல்ல வேளை, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கால் வழுக்கிருச்சு” என்றான் அவன், தரையில் உட்கார்ந்தபடி.

தரை உலர்ந்துதான் கிடந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கன்னம் ஒட்டி, சட்டைக்குள் உடம்பு தொலைந்து, கண் மட்டும் பெரிதாகியிருந்தது. வருடக்கணக்காகத் தன் கூடத்துச் சிலைகளில் பார்த்துப் பழகிய முகம் அது.

“எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“நாளைக்கு…”

“இப்பவே.”

பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, திறந்து பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். வெளியே வந்தாள். அவன் பெஞ்சில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்ன சொன்னாரு?”

“சின்ன ஆபரேஷனாம்.”

“சின்னதுக்கா உன்னைத் தனியா கூப்பிட்டாரு?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போன காலையில் தள்ளுவண்டியில் படுத்தபடி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “பயமா இருக்குடி” என்றான். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

“நான் இங்கேயேதான் இருப்பேன்” என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. அவள் நகரவில்லை. தம்பி வாங்கி வந்த டீ கையிலேயே ஆறிப்போனது. மாலையில் மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். நடந்து வந்தவர் பாதியில் நின்றார். அவர் வாய் திறக்கும் முன்பே, அவன் இனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.