வத்தகப்பழத்தோடு கவுடுல்லைக்குப் போனோம்

கத்தாரில் ஆறு வருடம் பாலைவனத்தில் வேலை செய்தவன் நான். அதைத் தான் பார்க்கவில்லையே என்பது எட்டு வயது மகள் சம்ஹாவின் தீராத குறை. இலங்கையில் பாலைவனத்துக்கு எங்கே போவது? கவுடுல்ல தேசியப் பூங்காவில் வறட்சியால் குளம் வற்றி வெறும் மண்ணாய்க் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும், போன ஆகஸ்டில் அதையே காட்டக் கூட்டிப் போனேன். பக்கத்து மின்னேரியாப் பூங்காவுக்குப் போகிற கூட்டம் இங்கே வருவதில்லை.

காலை பத்தரைக்குக் கிண்ணியாவிலிருந்து என் ஓட்டோவில் புறப்பட்டு, கந்தளாயில் தேநீர் குடித்து, ஒன்றரைக்குப் பூங்காச் சந்தியில் இறங்கினோம். மூன்று மணித்தியாலத்துக்கு ஜீப் பன்னிரண்டாயிரம் ரூபாய். நுழைவுச்சீட்டு தனி.

எங்கள் ஆட்கள் பயணம் போனால் வெளியில் வாங்கித் தின்பது குறைவு. சோற்றை வழியிலேயே முடித்துவிட்டோம். மச்சானின் தோட்டத்து வத்தகப்பழம் (தர்பூசணி) மட்டும் பையில் மிச்சம். ஜீப் ஓட்டிய அஸீஸ் நானா, பழம் ஏதும் இருந்தால் சந்திக் கடையில் வைத்துவிட்டு ஏறச் சொன்னார். ஒன்றுமில்லை என்றேன். குளக்கரையில் வெட்டித் தின்கிற ஆசை எனக்கு. மனைவி றிஸ்வானா என்னை முறைத்துவிட்டு ஏறினாள்.

குளத்தடி வெடித்துக் கிடந்தது. புழுதியைத் தவிர ஒன்றும் அசையவில்லை. சம்ஹாவுக்கு ஒரே சந்தோஷம். மூன்றேகாலுக்குப் பற்றைக் காட்டுக்குள்ளிருந்து ஒற்றை யானை வந்தது. நானா இன்ஜினை நிறுத்தினார். கடந்து போய்விடும் என்றுதான் நினைத்தோம். அது ஜீப்பின் பின்பக்கம் சுற்றி வந்து, தும்பிக்கையை உள்ளே நீட்டியது. பின் இருக்கையில் சம்ஹா. அவள் காலடியில் பை.

அப்படியொரு பயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. தும்பிக்கை பிள்ளையின் முழங்காலைத் தொட்டது. அவள் அழக்கூட இல்லை.

"பழம் இரிக்கா?" நானா திரும்பாமலே கேட்டார்.

"இரிக்கி நானா."

"பிள்ளய இழுங்க. பைய கீழ தள்ளுங்க."

றிஸ்வானா அவளை இழுத்தாள். நான் காலால் பையைத் தள்ளினேன். யானை அதை மிதித்துப் பிளந்து தின்னத் தொடங்கியதும் ஜீப் பாய்ந்தது.

நானா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. வாசலில் காவலரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்து, "இனி அது எந்த ஜீப்பக் கண்டாலும் பழம் தேடி வரும்," என்றார்.

திரும்பும் வழியில் சம்ஹா கந்தளாய் தாண்டித்தான் கேட்டாள்.

"வாப்பா, அடுத்த ஜீப்புல வாற பிள்ளைக்கி இத ஆர் சொல்லுவா?"

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகஸ்ட், செப்டெம்பரில் போங்கள். பிற்பகல் இரண்டுக்குள் உள்ளே நுழையுங்கள். தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள். பழம் இருக்கிறதா என்று கேட்டால், இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளையைப் பின் இருக்கையில் இருத்தாதீர்கள். அந்த யானை அங்கேதான் இருக்கிறது. அதைப் பழக்கியது நான்.