வேலிக்கு வெளியே விடப்பட்ட தோட்டம்

விமலேஸ்வரியின் குசினிக்குள் புதிதாக வருகிற எவரும் தலையை இடித்துக்கொள்ளாமல் வெளியே போனதில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் பூசணிக்காய்கள் வரிசையாக இருக்கும். பரண் கம்பில் வெங்காயப் பிடிகள் தொங்கும். மூலையில் காய்ந்த மணலுக்குள் இராசவள்ளிக்கிழங்கு. பிஸ்கற் பேணிகளில் கத்தரிக்காய் வத்தலும் பாவற்காய் வத்தலும் மோர்மிளகாயும்.

"பூசணிக்காய்க்குப் படுக்க இடமிருக்கு, எனக்குத்தான் இல்லை" என்பார் கணவர் யோகநாதன். ஊர் வயல்களை உழவு மெசினால் உழுது கொடுப்பது அவருடைய தொழில். சொல்லிவிட்டு அந்தப் பூசணிக்காய்க் கறியையே இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரமாக இருக்கிறது அவர்களுடைய குடியிருப்பு. வீட்டின் பின்னால் அரை ஏக்கர் தோட்டம். மாரியில் கீரையும் பூசணியும், கோடையில் கிணற்றுத் தண்ணீரில் கத்தரியும் பயிற்றையும் வெண்டியும். பூசணியை ஒரு விரல் நீளக் காம்போடு வெட்ட வேண்டும், நிலத்தில் போடாமல் கையில் ஏந்த வேண்டும், பரணில் வைத்தபின் மாதம் ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். காம்பு ஒடிந்த காயை அவள் பரணில் ஏற்றமாட்டாள், அன்றைக்கே கறியாக்கிவிடுவாள். ஆவணியில் ஊரே மரக்கறி வாங்கப் பைகளோடு சந்தைக்கு பஸ் ஏறும்போது அவள் பேசாமல் பேணியைத் திறப்பாள். இடம்பெயர்ந்த காலத்தில் எட்டு மாதம் முகாமில் வரிசையில் நின்று பருப்பு வாங்கியவள். இனி ஒரு நாளும் கறிக்காக எங்கும் போய் நிற்பதில்லை என்று மீள்குடியேறி வந்த அன்றே தனக்குள் சொல்லிக்கொண்டவள்.

அந்த முகாமில் பக்கத்துப் பாயில் படுத்தவள்தான் ராஜினி. இப்போது ஊர்ச் சங்கத்தின் செயலாளர். விமலேஸ்வரிக்கு எழுத்து வாசிப்பு வரும், ஆனால் அரச படிவங்களின் பாஷை விளங்காது. வீட்டுத்திட்டப் படிவத்திலிருந்து மின்சார விண்ணப்பம் வரை ராஜினிதான் நிரப்பினாள். ராஜினி காட்டிய இடத்தில் இவள் கையெழுத்து வைப்பாள். அந்த ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான். வாசித்துப் பார்ப்பது ராஜினியைச் சந்தேகிப்பது போலாகிவிடும் என்று நினைத்தார்கள்.

காட்டு யானைகளை மறிக்க மின்சார யானைவேலி வரப்போகிறது என்ற கதை எழும்பிய வருடம், வைகாசியில் ஒரு நாள் ராஜினி சைக்கிளில் வந்தாள். விமலேஸ்வரி பாவற்காயை உப்பில் அவித்துப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். வேலிக்கு ஊர்ச்சனத்தின் சம்மதம் வேணுமாம் என்றாள் ராஜினி. இவள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள். ஒரு பை பயிற்றங்காயும் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

ஆனியில் தூண்கள் வந்தன. குழி தோண்டுகிறவர்கள் குசினிச் சுவரிலிருந்து நாலு முழம் தள்ளிக் கோடு போட்டார்கள். வீடும் கிணறும் உள்ளே, தோட்டம் முழுக்க வெளியே. பிழையாகப் போடுகிறீர்கள் என்று விமலேஸ்வரி ஓடிப்போய்ச் சொன்னாள். மேற்பார்வை பார்த்த பொடியன் மரியாதையாகத்தான் கோப்பைத் திறந்து காட்டினான். தோட்டக் காணியை வேலிக்கு வெளியே விடச் சம்மதிக்கிறேன் என்று எழுதி, கீழே அவளுடைய கையெழுத்து. வந்த கம்பி அளவானது, அந்தப் பக்கம் புதிதாகக் காடு வெட்டிய ஒரு காணியை உள்ளே எடுத்ததால் இந்தப் பக்கம் குறைக்க வேண்டி வந்தது என்று விளக்கினான். அந்தப் புதுக் காணி ராஜினியின் தம்பி சதீஸுடையது. செயலாளர் நாளைக்குள் ஒரு கடிதம் தந்தால் கோட்டை மாற்றலாம் என்றும் சொன்னான்.

விமலேஸ்வரி நேரே ராஜினி வீட்டுக்குப் போனாள். ராஜினி கதிரை எடுத்துப் போட்டாள். இவள் இருக்கவில்லை.

"அக்கா, உங்கட தோட்டம் ரெண்டு பேர் சாப்பிடுற தோட்டம். தம்பிக்கு மூண்டு பிள்ளையள். கடன் பட்டெல்லோ காடு வெட்டினவன்."

"அதை என்னட்டைச் சொல்லிப்போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாமே, ராஜினி."

"சொன்னால் நீங்கள் வைக்கமாட்டியள்."

விமலேஸ்வரி கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

"வச்சிருப்பனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. யோசிச்சிருப்பன். அந்த யோசினையையும் நீ எடுத்துப்போட்டாய்."

கடிதம் தருவியோ என்று கடைசியாக ஒருமுறை கேட்டாள். ராஜினி தேத்தண்ணி வைக்க என்று உள்ளே போனாள். இவள் படலையைச் சாத்திவிட்டு வந்தாள்.

யோகநாதன் சங்கத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்க வெளிக்கிட்டார். கையெழுத்து என்னுடையது, நீங்கள் என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிப்பியள் என்று அவள் மறித்தாள். வேலி முடிந்து கம்பியில் மின்சாரமும் வந்தது. ஊருக்குள் வர வழியில்லாத யானைகள் கம்பியோரமாகவே திரிந்தன.

ஆவணி முடிவில் ஒரு விடியற்காலை பார்த்தபோது கத்தரிச் செடிகள் வேரோடு கிடந்தன. பயிற்றம் பந்தல் சப்பளிந்திருந்தது. இராசவள்ளிப் பாத்தி முழுக்கக் கிளறப்பட்டிருந்தது. யானை தொடாத மிளகாய்க் கன்றுகளும் இஞ்சியும் புளிப்புத் தேசிக்காய் மரமும்தான் மிச்சம். மழை வந்ததும் மறுபடி நட்டாள். கார்த்திகையில் அதுவும் போனது. பரணில் இருந்ததை ஒவ்வொன்றாக இறக்கினாள். பேணிகளின் அடி தெரிந்தது. கடைசிப் பூசணியை வெட்டிய அன்று யோகநாதன் பகிடி எதுவும் விடவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தானே கோப்பையைக் கழுவி வைத்தார்.

மாசியில், ஊரில் எல்லார் வீட்டு முற்றத்திலும் மரக்கறி கொட்டிக் கிடக்கிற மாதத்தில், விமலேஸ்வரி பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுங்கேணிச் சந்தைக்கு பஸ் ஏறினாள். நடுவில் ஒரு சீற்றில் ராஜினி இருந்தாள். இவளைக் கண்டதும் மடியிலிருந்த கோப்புகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு யன்னல் பக்கமாக ஒதுங்கினாள்.

"இருங்கோ அக்கா" என்றாள் மெல்ல.

விமலேஸ்வரி மேல் கம்பியைப் பிடித்தாள். வழியில் ஆட்கள் இறங்கி பஸ் பாதி வெறுமையானது. அந்த இடமும் வெறுமையாகவே வந்தது. சந்தையடி வரும்வரை அவள் நின்றுகொண்டே போனாள்.