ஓர் அலறலுக்கு இடம்

நகத்தளவு சிப்புக்குள் நிரலைத் திணிக்கிற சக பாவிகளே, நம்ம தொழிலில் எழுதும்போது மூச்சு முட்டாது, அழிக்கும்போதுதான் முட்டும்!

பூசி மூடிய பெட்டி

உவரி சூசை அண்ணாச்சியின் படகில் எங்கள் பாளையங்கோட்டை ஆபீஸ் செய்த பெட்டி இருக்கிறது. காற்று கூடினால், டீசல் குறைந்தால் என்ன செய்யணும் என்று மீனவர்களே சின்னக் கட்டளைகள் எழுதி ஏற்றலாம். அதைப் படித்து நடத்தும் இன்டர்பிரெட்டர் உள்ளே.

போன மாதம் அவர் மகன் அந்தோணி படகிலிருந்து தவறி விழுந்தான். என்ஜின் இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்த படகு தூக்கியது. அலாரம் வராமல் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்றுவிட்டார் அவன் அம்மா மேரி அக்கா. கையில் கட்டிய பட்டை கடலில் நனைந்தால் பெட்டி அலறணும். ஆனால் சிப்பில் துளி இடமில்லை. பெரிய சிப் மாட்டவும் வழியில்லை. உப்புக் காற்றுக்குப் பயந்து பெட்டியைப் பிசின் ஊற்றி மூடியிருந்தோம். நிரலை மட்டும் ஃபோன் வழியாக மாற்றலாம். அண்ணாச்சி சொன்னார்: “ஐஸ் பெட்டியில மீன் அடுக்குத மாதிரி நெருக்கி அடுக்கும்வே!”

கனத்த மரியாதை

கட்டளை தப்பினால் திரையில், ‘தயவுசெய்து சரிபார்த்து மீண்டும் முயற்சிக்கவும்’ என்று வரும். தமிழ் எழுத்துக்கு ஆங்கில எழுத்தைப்போல மூன்று மடங்கு இடம், சிலதுக்கு அதற்கும் மேல். இப்படி வண்டி வண்டியாய் மரியாதை! எல்லாவற்றையும் வெட்டி, ‘தப்பு. திரும்பப் போடு’ ஆக்கினேன். கோபிப்பாரோ என்று பயந்தால், அண்ணாச்சி ஃபோனில் குதிக்கிறார்: “இப்பத்தான்வே நம்மாளு மாதிரிப் பேசுது!”

ஒற்றைப் புள்ளி

அப்படியும் பற்றவில்லை. கம்பைல் ஆன நிரலைப் பிரித்து மேய்ந்தால், பெரிய துண்டு ஒன்று சும்மா குந்தியிருக்கிறது: தசமக் கணக்குப் போடும் மொத்த லைப்ரரி! யார் கூப்பிட்டது? பக்கத்து நாற்காலி ஜெபராஜ்தான். ஒரே ஒரு வரியில் ‘0.5 மீட்டர்’ என்று எழுதியிருந்தான், படுபாவி. புள்ளியைத் தூக்கிவிட்டு ‘50 சென்டிமீட்டர்’ ஆக்கினேன். லைப்ரரி மொத்தமும் கழன்றது, அலாரம் உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தது! நான் போட்ட கூச்சலில் கீழே டீக்கடை அண்ணாச்சி மாடியேறி வந்துவிட்டார்: “என்ன தம்பி, பிள்ளை பொறந்துட்டா?”

குதித்தான்

உவரிக் கரைக்கு எதிரே, அந்தோணி பட்டையைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே கடலில் குதித்தான். பெட்டி கம்மென்று இருந்தது. படகில் கூடவே இருந்த நான் பெட்டிமேல் காதை வைத்தேன். பிறகு அலறியதே ஓர் அலறல்! அண்ணாச்சி என்ஜினை நிறுத்தி, மகனை அள்ளித் தூக்கி, ஈரத்தோடு கட்டிக்கொண்டார். நான் அழுதேவிட்டேன்.

சத்தம் கரைவரைக்கும் கேட்டதாம். மேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்குப் போவட்டும் தம்பி. மிச்சம் எடம் இருந்தா, அப்பனும் மவனும் கரையேறுனதும் நேரே வீட்டுக்கு வரச் சொல்லியும் ஒரு சத்தம் போடச் சொல்லுங்க!”

ஆக மக்களே, உயிரைக் கொடுத்து இடத்தைக் காலி பண்ணுவது நம் பாடு, அதில் புதுச் சாமான் கொண்டுவந்து இறக்குவது பெட்டி வாங்கியவர்கள் பாடு என்பதால், ஜெபராஜ் எழுதியதில் இன்னொரு புள்ளி அகப்படுமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.