அது நான் பேசியதில்லை

சித்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிறது எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். சொந்தமாக ஒரு வேன். அதை ஓட்டுவது என் கணவர். மற்ற எல்லா வேலையும் என் தலையில். திருப்பதிக்கும் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கும் ஆட்களைக் கூட்டிப் போய் வருவதுதான் பிழைப்பு.

எனக்குப் பொறுமை கிடையாது. கேட்டதையே கேட்டால் குரலில் காரம் ஏறிவிடும். அதனால்தான் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப் போனில் ஒரு ஏஐயைப் போட்டேன். முதலில் பயணத் திட்டம் எழுதித் தந்தது. இந்திக்காரர்களுக்கு இந்தியில் பதில் அனுப்பியது. என் குரலைப் பதிந்து கொடுத்தால், கேட்பவர்களுக்கு அதுவே என்னைப் போல வாய்ஸ் மெசேஜ் போடும் என்றார்கள். அதையும் கொடுத்தேன். என் குரலில் என்னைவிடப் பதவிசாகப் பேசியது. "மேடம் எவ்ளோ அன்பா பேசறாங்க" என்று சவாரிக்கு வந்தவர்கள் என் கணவரிடம் சொல்வார்கள். அவர் வீட்டுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரிப்பார். அது மெஷின் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பாராட்டு யாருக்குக் கசக்கும்?

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் அம்மாவுக்கு மட்டும் திருப்பதி வேனில் இடம் பிடித்தார். அவருக்குக் கம்பெனியில் லீவு இல்லை. அன்று மதியம் மலையிலிருந்து கணவர் கூப்பிட்டார். "எல்லாரும் வந்துட்டாங்க. அந்தப் பெரிம்மாவ மட்டும் காணோம்."

கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில்தான் அந்த அம்மாள் கிடைத்தார். கோயிலுக்கு வெளியே ஒரு படியில், வெயிலிலேயே, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாராம். கூட வந்த பெண்கள் தேடிக் கண்டுபிடித்துக் கூப்பிட்டபோதும் முதலில் வரமாட்டேன் என்றாராம். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

மகன் ஆபீசுக்கே வந்துவிட்டார். "அம்மாக்குக் கண்ணு செரியாத் தெரியாது, கூட ஆளு இருக்குமான்னு கேட்டனே. இருப்பேன்னு நீதானக்கா சொன்ன?"

"நான் எங்கப்பா சொன்னேன்? வேன்ல டிரைவர் மட்டும்தான் வருவாரு."

அம்மாவுக்கும் கேட்கவைத்த வாய்ஸ் மெசேஜைப் போனில் போட்டுக் காட்டினார். என் குரல் பேசியது. "கவலைப்படாதீங்கம்மா. தரிசனம் முடிஞ்சு வெளியே வந்ததும் அங்கேயே உக்காருங்க. நானே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"இது நான் பேசினது இல்ல. மெஷின் பேசினது" என்றேன்.

"எந்த மெஷினு? உன் கொரலு எனக்குத் தெரியாதா? காணிப்பாக்கத்துல வந்து பிரமாணம் பண்ணு, நம்பறேன்."

"வரேன்" என்று சொல்லிவிட்டேன். என் கோபம் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அங்கே பொய் சொன்னவன் குடும்பம் விளங்கியதில்லை என்பார்கள். போகாவிட்டால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அப்புறம் எங்கள் வேனில் எவர் ஏறுவார்?

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து என் பெண் வரக் கொஞ்சம் தாமதமானாலும் தெருவுக்கு ஓடினேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அந்த ஏஐயையே கேட்டேன். மன்னிப்புக் கேட்டது. வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கொடுக்க நினைத்ததாம். பிரமாணத்துக்கு நல்ல வாசகம் ஒன்று எழுதித் தரட்டுமா என்றும் கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வாக்கு கொடுத்தபோது அதற்கு எவ்வளவு சுலபமாக இருந்ததோ, மன்னிப்புக் கேட்கவும் அவ்வளவு சுலபமாக இருந்தது. குளத்தில் முழுகப் போவது நான்தானே.

"நெசத்ததான சொல்லப்போற, இன்னாத்துக்கு நடுங்கிக்கினு கீற?" என்றார் கணவர். எனக்கும் அதுதான் விளங்கவில்லை.

காணிப்பாக்கத்தில் முழுகி எழுந்தபோது பல் கிட்டியது. சன்னதிக்கு முன்னால் மகன் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் அம்மா, காய்ச்சலில் இளைத்துப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு. அவரை அழைத்து வருவார் என்று நான் நினைக்கவில்லை. சுற்றிலும் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

"பிள்ளையாரப்பா, அந்தப் பேச்சு" என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் சட்டென்று முகத்தை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கொரலுதான்" என்றார். "நீயா கண்ணு? வரேன்னு சொன்னியே. நான் எந்திரிச்சிப் போய்ட்டா நீ வந்து தேடுவியேன்னுதான் அங்கியே உக்காந்துகினு இருந்தேன்."

அது நான் பேசியதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் குரலை நம்பி வெயிலில் உட்கார்ந்திருந்தவரிடம், அந்தச் சாமி பார்த்துக்கொண்டிருக்க, அந்த உண்மையைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"நான்தாம்மா" என்றேன்.

அந்த அம்மாள் தூணை விட்டுவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "செரி, இப்பவாச்சும் கூட்டிக்கினு போ."

என் ஈரக்கையால் அவர் கையைப் பிடித்தேன். இன்னும் லேசாகச் சுட்டது. தரிசன வரிசையில் இரண்டடி போனதும் அவர் சொன்னார். "பேசிக்கினே வாம்மா. உன் கொரலு கேட்டுக்கினு இருந்தா எனக்குப் பயமில்ல."

எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.