கொக்கி என் கையில்தான் இருந்தது

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதும் இல்லை, தூக்கத்தில் கண்டதும் இல்லை. என் தங்கை சௌந்திரத்தின் பின்னந்தலையில் அன்றைக்கு அடிபட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் அவளிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். பகலில் போய்க் கேளுங்கள். விளக்கு வைத்த பிறகு அவள் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

1982ஆம் வருஷம், கார்த்திகை மாதம். திருச்செங்கோட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் குழந்தைவேல், ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டிக்கு டிரைவர். தீபாவளி முடிந்த மறுநாளே வண்டியோடு ஆந்திராவுக்குப் போய்விட்டார். சௌந்திரத்துக்கு அப்போது ஒன்பதாம் மாதம். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் வளைகாப்பு மாதிரி எங்கள் பக்கம் செய்கிற கட்டுச்சோறு விருந்து முடிந்து, பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் அழைத்து வந்திருந்தேன். அவளுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கிற வரை என் பொறுப்பு. அந்தக் கவலை ஒன்றுதான் எனக்கு. பேய், பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

வீடு பழசு. ஆவணியில்தான் குடி வந்திருந்தோம். வீட்டுச் சொந்தக்காரி ஜானகியம்மாள் முன்பக்க வீட்டில் இருந்தார். எங்கள் புழக்கடையில் கக்கூஸ். சுவரெல்லாம் பாசி பிடித்திருக்கும், ஆனால் கதவு மட்டும் புத்தம் புதுசு. அந்தப் புதுக் கதவின் உள்பக்கம் துருப்பிடித்த பழைய இரும்புக் கொக்கி, ஒரு சாண் நீளம். நிலையில் இருக்கும் வளையத்தில் அதை மாட்டினால்தான் கதவு நிற்கும். புதுக் கதவு போட்டவர் புதுக் கொக்கி போட மனசு வராமல் பழசையே கழற்றி மாட்டியிருக்கிறார், என்ன கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையிலேயே கக்கூஸ் அடைத்துக்கொண்டது. ஊற்றுகிற தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. ஜானகியம்மாளிடம் போய்ச் சொன்னேன். ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரியை மழையில் கரட்டு மேட்டோரம் ஒதுங்கக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"பொழுதோட முடிச்சிரு சாமி. பொழுது உழுந்தா அங்க நிக்காத."

பாம்பு, பூரான் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். அடுப்பில் தண்ணீர் காயவைத்து, துணி வெளுக்கிற சோடாவை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கரைத்து ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும், கை பொறுக்காத சூடு போதும். அரை மணி நேரம் ஊறவிட்டேன். தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அடுத்து ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் பழைய துணியைப் பந்தாகச் சுற்றி, மேலே கோணிச் சாக்கைப் போட்டு, கிழிந்த சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன். அதைக் குழியில் வைத்து அழுத்தி அழுத்தி இழுத்தேன். களக்... களக்... என்று சத்தம் வந்தது. கை வலித்ததும் நிறுத்தினேன்.

நான் நிறுத்திய பிறகும் உள்ளே களக்... களக்... என்றது. பிறகு அடங்கிவிட்டது.

காற்று அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்துக்கொண்டு வந்து உள்ளே விட்டேன். பீங்கானுக்குக் கீழே குழாய் வளைந்து போகும் இடத்தில் கம்பி முட்டியது. நுனி மெலிசாக இருந்ததால் மடங்கி மடங்கித் திரும்பியது. நுனியில் கெட்டியாக ஏதாவது வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். கண்ணில் பட்டது அந்தக் கதவுக் கொக்கிதான். தோசைத் திருப்பியின் முனையை வைத்துத் திருகாணிகளைக் கழற்றி, கொக்கியைப் பட்டையோடு எடுத்துக் கம்பி நுனியில் முறுக்கிக் கட்டினேன். இரும்பு, நல்ல கனம். இந்தத் தடவை வளைவைத் தாண்டி உள்ளே போனது.

எதிலோ மாட்டியது. இழுத்தேன். வரவில்லை.

அந்தப் பக்கமிருந்து கம்பி லேசாக... இழுபட்டது.

வழுக்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தது ஒரு கண்ணாடி வளையல். பச்சை வளையல். உடையவில்லை, கீறல்கூட இல்லை. அந்த வளைந்த குழாய்க்குள்ளிருந்து முழு வளையல் எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சௌந்திரத்தின் மேல்தான் கோபம் வந்தது. கொல்லையில் நின்றபடியே, கை வளையலைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டாயா என்று கத்தினேன். அவள் சமையலறை ஜன்னலில் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். கட்டுச்சோற்றுக்குப் போட்டதெல்லாம் சிவப்பு.

"எனக்குப் பச்சையே போடலையேக்கா."

கம்பியை அவிழ்த்துப் போட்டேன். கொக்கியையும் வளையலையும் தண்ணீர்த் தொட்டியில் கழுவி வளையலை ஜன்னல் திட்டில் வைத்தேன். கொக்கியைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டேன். கடைசியாக இன்னொரு பானை வெந்நீர் ஊற்றினால் வேலை முடிந்தது. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது மணி ஆறு இருக்கும். மழை மேகம் வேறு. புழக்கடை மங்கலாக இருந்தது.

கக்கூஸ் கதவு சாத்தியிருந்தது.

நான் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். முழங்காலால் தள்ளினேன். அசையவில்லை. உள்பக்கம் மாட்டியிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. வேலை முடியும்முன் இவளுக்கு என்ன அவசரம்?

"சௌந்திரம், சுடுதண்ணியத் தூக்கீட்டு நிக்கறேன். சீக்கிரம் வா."

உள்ளே செம்பு தரையில் உரசுகிற சத்தம். பிறகு மெதுவாக...

"வாரேன்."

நின்றேன். பானை கையைச் சுட்டது. இறக்கி வைத்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும். விரலால் கதவைத் தட்டினேன்.

"வாரேனுங்க."

சிரிப்புதான் வந்தது. சௌந்திரம் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியதே கிடையாது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, போதும்டி உன் மரியாதை என்று சொல்ல வாயெடுத்தேன்.

முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆருகிட்டக்கா பேசற?"

திரும்பினேன். சௌந்திரம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் சாதக் கரண்டி.

மெல்லத் தலையைக் குனிந்து என் கையைப் பார்த்தேன்.

கொக்கி என் கையில்தான் இருந்தது.

அந்தக் கதவில் மாட்டுவதற்கு எதுவுமே இல்லை...

கிறீச்...

கதவு தானாக ஒரு சாண் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. செம்பு கவிழ்ந்து கிடந்தது. காலையிலிருந்து நின்ற தண்ணீர் ஒரே மூச்சாகக் களக்கென்று இறங்கிப்போனது.

சௌந்திரத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. நிறை மாதக்காரியைப் பயமுறுத்தக் கூடாது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டது என்று சொல்லிச் சமாளித்தேன். திருநீறு எடுத்து அவளுக்குப் பூசிவிட்டு நானும் பூசிக்கொண்டேன். கொக்கியை ஜன்னல் திட்டில் வளையலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடி கதவருகில் போய் அதை மாட்டுகிற தைரியம் எனக்கு இல்லை.

ஏழு மணிக்கு மழை பிடித்தது. கரண்ட் போய்விட்டது. சௌந்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவசரம் என்றாள். கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த நிலைமையில் யாரால் பொறுக்க முடியும்? அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நானும் கூடவே போனேன். உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. விளக்கை அவளுக்காகக் கக்கூஸுக்குள் வைத்தேன். பேசிக்கொண்டே இரு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கதவை ஒருக்களித்தாள்.

பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பக்கம் ஒரு பேர் சொல்கிறார்களாம், அது அவளுக்குப் பிடிக்கவில்லையாம். பாதியில் பேச்சு நின்றது.

"சௌந்திரம்?"

"வாரேன்."

அவள் குரல்தான். நம்பினேன்.

மழை வலுத்தது. பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் ஏழேகால் செய்தி ஆரம்பித்தது.

"கண்ணு, ஆச்சா?"

"வாரேன்."

விளக்கு வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கதவிடுக்கு மூடிக்கொண்டது.

"சௌந்திரம்..."

கதவில் காதை வைத்தேன். பிறகு...

"வாரேனுங்க."

ங்க.

இரண்டு கையாலும் தள்ளினேன். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து மோதினேன். ம்ஹூம். பிடிக்க எதுவுமே இல்லாத கதவு, சுவர் மாதிரி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே இருப்பது தங்கையோ வேறு யாரோ, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் கெஞ்சினேன்.

"கதவத் தொற அம்மிணி. வெக்கப்படாத. வெளிய வேற ஆருமில்ல... நான் மட்டுந்தான் நிக்கறேன்."

கதவு திறந்தது.

நான் தள்ளவில்லை. சத்தியமாகத் தள்ளவில்லை. அதுவாகத் திறந்தது.

சௌந்திரம் சுவரோரம் மயங்கிக் கிடந்தாள். தலையில் ரத்தம். கீழேயும் ரத்தம். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு வேன் இருந்ததால் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் இரண்டுமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

மறுநாள் சௌந்திரம் கண் விழித்ததும் கேட்டேன். பேரைப் பற்றிப் பேசும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். விழுந்தது தெரியுமாம். நான் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லையாம். ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லவில்லையாம்.

அப்படியானால் என்னை வெளியே நிற்க வைத்தது யார்?

ஆஸ்பத்திரியிலிருந்து சௌந்திரத்தை ஓமலூருக்கு, அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். வீட்டுக்காரருக்குத் தந்தி கொடுத்து வரவழைத்து, ராசிபுரத்தில் வேறு வீடு பார்த்தோம். காலி செய்கிற அன்று சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜானகியம்மாளிடம் நேராகவே கேட்டேன். முதலில் மழுப்பினார். ஜன்னல் திட்டிலிருந்த பச்சை வளையலை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்கு முன்னால் இங்கே குடியிருந்தவர்களின் மருமகள் குஞ்சம்மாள். ஏழாம் மாதம், கை நிறையப் பச்சை வளையல். போன வருஷம் ஒரு சாயங்காலம் கக்கூஸுக்குள் போனவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் வேறு பெண்கள் இல்லை. மாமனாரும் இரண்டு கொழுந்தன்களும்தான். அவர்கள் வெளியே நின்று கூப்பிட்டார்கள்.

"ஆம்பளைங்க நிக்கறாங்கன்னு வெக்கப்பட்டு ஒண்ணுமே சொல்லலையாமா சாமி. கூப்புடக் கூப்புட, ‘வாரேனுங்க’ன்னு மட்டும் சொன்னாளாமா."

அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் அவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்தார்கள். கதவு தூளாகிவிட்டது. கொக்கி மட்டும் அப்படியே வளையத்தில் மாட்டியபடி இருந்ததாம். அதைத்தான் புதுக் கதவில் போட்டிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்த டாக்டர் சொன்னாராம், உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று.

கதவை உடைக்கிற வரை அந்தக் குரல் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்ததாம்.

வண்டிக்காரர் கூப்பிட்டார். கிளம்புகிறவள் வழக்கமாக எதைச் சொல்வாளோ அதையே நானும் யோசிக்காமல் சொன்னேன்.

"வாரேனுங்க."

ஜானகியம்மாள் உதடு அசையவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புழக்கடைப் பக்கமிருந்து, மெதுவாக...

"வாரேனுங்க."

எங்கள் பக்கம் கிளம்புகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். வரப்போகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். அவள் எதைச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ராசிபுரத்து வீட்டில் கக்கூஸ் கதவுக்கு நான் உள்கொக்கி வைக்கவே இல்லை. இருந்தும் சில நாள், வீட்டில் நான் மட்டும் இருக்கும்போது, அந்தக் கதவு தள்ளினால் திறப்பதில்லை. நான் தட்டுவதும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை. நான் மட்டுந்தான் அம்மிணி என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன்.